ஏழாவது கலம்

சென்னையிலிருந்து படிவம் வந்திருந்தது.
பருவம் மாறிவிட்டதாம்,
நகரத் திட்டமும் மாற வேண்டுமாம்.
கடலோர ஊர்களுக்கென்று அச்சடித்தது;
மிச்சத்தை எங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள்.
ஏழாவது கலம் கேட்டது:
உயர் அலைக் கோட்டிலிருந்து நகர எல்லைக்கு
எத்தனை மீட்டர்?

கிருஷ்ணகிரி நகராட்சியில் வரைவாளர் நான்.
என் ஜன்னலில் எழுந்து நிற்கிற ஒரே அலை
சையத்பாஷா மலை.
பொருந்தாது, என்று எழுதினேன்.
நாலாம் நாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது:
எந்தக் கலத்தையும் தவிர்க்கக் கூடாது.
பில் கலெக்டர் நூருல்லா சிரித்தார்.
"ஒரு லட்சத்து எண்பதாயிரம்னு போடும்மா,
யாரு டேப் பிடிச்சு அளக்கப் போறாங்க?"

போட்டேன்.

கார்த்திகைக் கடைசியில்
அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் மீட்டரையும்
ஒன்றரை நாளில் நடந்து வந்தது கடல்.
பெயர் வைத்த புயல்.
கரையைத் தொட்டதும் செத்துவிட்டது என்றது டிவி.
செத்த காற்று இறக்கி வைக்க மறந்த தண்ணீர்
எங்கள் மலைகளில் முட்டி, யோசித்து,
மொத்தமாக இறங்கியது.
ராத்திரி இரண்டு மணிக்குப் புங்கனேரி
கோடி போனது.

விடிந்ததும் சர்வேயர் திம்மராஜும் நானும்
முட்டிச் சேற்றில் கார்டன் அவென்யூவுக்குப் போனோம்.
சித்திரையில் இதே தெருவுக்கு
வாரம் ஒரு லாரி தண்ணீர் விட்டிருக்கிறோம்,
குடம் வைத்த வரிசைக்கு போலீஸ் காவலோடு.
இப்போது சுவர் சுவராக ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு.
வெளியே கட்டில், ஊறிப்போன கேழ்வரகு மூட்டை,
எங்கோ ஒரு மாங்கூழ் ஆலையிலிருந்து
மிதந்து வந்த நீல டிரம்.

திம்மராஜ் சங்கிலியை விரிக்கவில்லை.
பழைய புலப்படத்தை விரித்தார்.
ஓடைப் புறம்போக்கு என்று மை மங்கிய இரட்டைக்கோடு;
அதில் ஒரு முழம்கூட விலகாமல்
வந்து போயிருந்தது தண்ணீர்.
பட்டா மாறிய சேதியை
அதற்கு யாரும் சார்வு செய்திருக்கவில்லை.

அந்த இடத்தைக் குடியிருப்பென்று
மஞ்சள் பூசிய கை இதுதான்.
ஒன்பது வருஷம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.
ஆணை மேஜையில் இருந்தது.
ஆணை இல்லாமல் ஒரு சதுரமும் நான் பூசியதில்லை.
இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

பன்னிரண்டாம் மனை, ரத்தினாவதி.
ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட்.
மின் மீட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"வெள்ளப் பகுதின்னு கோடு போடப் போறீங்களா?"
உங்கள் பாதுகாப்புக்குத்தான், என்றேன்.
"போட்டா வீடு விலை போகாது.
போடலேன்னா அடுத்த மழைக்கு நாங்களே போயிடுவோம்.
லோன் இன்னும் பதினாலு வருஷம் இருக்கு மேடம்.
எதால போடுவீங்க,
பென்சிலா, பேனாவா?"

அதற்குப் படிவத்தில் கலம் இல்லை.

நகர்மன்றத்தில் பதினேழாம் பொருள்:
ஓடைக்கு இருபுறமும் பதினைந்து மீட்டர் கட்டடம் கூடாது;
அங்கே இருப்பவர்களுக்கு மேட்டில் மாற்று மனை,
நகராட்சிச் செலவில்.
முதல் பாதி கைதட்டலோடு நிறைவேறியது.
இரண்டாம் பாதி ஒத்திவைக்கப்பட்டது.
டீ வந்தது.

அன்று சாயங்காலம் நகல் படிவத்தை எடுத்து
ஏழாவது கலத்தில் பழைய எண்ணை அடித்தேன்.
எழுதினேன்:
பன்னிரண்டாம் மனை, கூடத்துச் சுவர்,
தரையிலிருந்து ஒரு மீட்டர் பத்து.
அளந்தவர் திம்மராஜ்.
டேப் பிடித்தவர் ரத்தினாவதி.

திரும்பி வரும், தெரியும்.
சிவப்பு மைக்குக் கீழே
இதையே இன்னொரு முறை எழுத
இரண்டு வரி விட்டு வைத்திருக்கிறேன்.